கூலிங் டவர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு

1. முதலில் லெஜியோனெல்லா என்ற கிருமியின் பெயரை மனதில் வையுங்கள். 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ஓர் ஓட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. அதையொட்டி நிமோனியா கண்டு 34 பேர் இறந்தார்கள். காரணமான கிருமி பிடிபட ஆறு மாதம் ஆனது. இது பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் நுழைகிறது, கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளியில் ஏறி. ஆகவே தண்ணீர் சாரலாகப் பறக்கிற இடமெல்லாம் உங்கள் பொறுப்பு: கூலிங் டவர், ஷவர், வரவேற்பறையின் அலங்கார நீரூற்று.

2. 20 முதல் 45 டிகிரி வரை இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். குளிர்நாட்டு விதிநூல்கள் பச்சைத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லும். சென்னை மொட்டைமாடி டேங்கில் அதற்கு வழியே இல்லை. மே மாதத்தில் பகல் முழுக்க அது வெதுவெதுப்பாகவே கிடக்கும். நமக்குக் கைகொடுப்பவை வேறு: இறுக்கமான மூடி, நிழல், குளோரின், தேங்காத ஓட்டம்.

3. வெந்நீர் டேங்கில் 60 டிகிரி, குழாயில் 50 டிகிரி. கரண்ட் பில்லைக் காட்டி யாராவது 45-க்கு இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தோல் வெந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான்; அதற்குக் குழாய்க்குப் பக்கத்தில் கலப்பு வால்வு போடலாம்.

4. வாஷ்பேசினைக் கழற்றிவிட்டு பைப்பை மட்டும் மூடிபோட்டு விட்டிருப்பார்கள். தண்ணீர் தேங்கும் அந்த முட்டுப் பைப்பை மெயின் லைன் வரை வெட்டி எடுங்கள். ஆள் தங்காத அறைகளின் குழாய்களை வாரம் ஒருமுறையாவது திறந்துவிடுங்கள், சாரல் எழாமல், மெதுவாக.

5. டவர் தொட்டியின் சுவரை, கையுறை போட்டுக்கொண்டு, தடவிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். அந்தக் கொழகொழப்புக்கு உள்ளேயும், அதை மேயும் அமீபாக்களின் வயிற்றிலும் கிருமி பத்திரமாக இருக்கும். மேலே ஓடும் குளோரின் அங்கே எட்டாது. தண்ணீர் ஆவியாக ஆக உப்பு கெட்டிப்பட்டுப் படிகிறது, அந்தப் படிவும் கிருமிக்கு வீடு. உப்பேறிய தண்ணீரை வெளியேற்றும் ப்ளோ-டவுன் விடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரினின் வீரியத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே அளந்து பாருங்கள். டவர் தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும். அங்கே புரோமின் மேல்.

6. அழுக்கைப் பார்த்ததும் பிரஷர் ஜெட்டை எடுக்காதீர்கள். பிரான்சின் பா-த-கலே பகுதியில் 2003-04-ல் ஒரு தொழிற்சாலை டவரிலிருந்து பரவி 86 பேருக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். உயர் அழுத்த நீரால் டவரைக் கழுவியபோது கிருமி காற்றில் கிளம்பி, நோய் இரண்டாம் முறை ஏறியது. கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்தவர்களையும் எட்டியது. முதலில் ஃபேனை நிறுத்துங்கள், மருந்திட்டுக் கிருமியைக் கொல்லுங்கள், வடியுங்கள், பிறகு கழுவுங்கள். துணி மாஸ்க் போதாது, என்-95 போடுங்கள்.

7. டவரிலிருந்து சாரல் வெளியே பறக்காமல் தடுக்கும் ட்ரிஃப்ட் எலிமினேட்டர் உடைந்திருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

8. ஒப்பந்தம் முடிந்தது, பட்ஜெட் இல்லை என்று மருந்து போடுவதை நிறுத்துவார்கள். டவர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதை மட்டும் விடவே விடாதீர்கள். இங்கிலாந்தின் பாரோ நகரில் 2002-ல் ஒரு கலை அரங்கின் டவருக்கு அப்படித்தான் பராமரிப்பு நின்றுபோயிருந்தது. அதன் ஈரக்காற்று ஜன நடமாட்டமுள்ள சந்துக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் காலே வைக்காதவனும் உங்கள் தண்ணீரைச் சுவாசிக்கிறான். மருந்து இல்லையென்றால் டவரை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

9. லேப்பில் லெஜியோனெல்லா வளர்ந்து முடிவு வர ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதுவரை உங்களுக்குச் சாட்சி லாக் புக்தான். பார்க்காத அளவை அதில் எழுதாதீர்கள்.

10. டவரில் வேலை செய்து சில நாளில், இரண்டு வாரத்துக்குள், காய்ச்சலும் இருமலும் வந்தால் டாக்டரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ஐம்பதைக் கடந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் தாமதிக்கவே கூடாது.