காலூன்றி நிற்கும் எழுத்து
பத்தாம் வகுப்பு மாணவியர்

அச்சு என்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது அச்சகம் அன்று, தேரின் அச்சுதான். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் இவ்விடத்தில் அச்சு இற்று நின்றதாம். அதனால் அச்சிறுபாக்கம் என்று பெயர் பெற்ற ஊர், மக்கள் நாவில் அச்சரப்பாக்கம் ஆயிற்று என்பர். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. தேரைத் தாங்குவது ஓர் அச்சு. சொல்லைத் தாங்குவது மற்றோர் அச்சு. இந்த இரண்டாவது அச்சைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு எழுத்து வகையைப் பற்றி, இக்கட்டுரையில் எழுத முற்பட்டோம். கணினியைத் திறந்தால் எழுத்து வடிவங்களின் பெயர்ப்பட்டியல் முழம் முழமாக நீள்கிறது. பத்துப் பெண்கள் அமர்ந்தால் பத்து விருப்பம். எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

ஆங்கிலப் பாடநூலில் உள்ள பெரிய ‘ஐ’ என்னும் எழுத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நேர்கோட்டின் தலையிலும் அடியிலும் சிறிய குறுக்குக்கோடு காணப்படும். இதற்குச் செரிஃப் என்று பெயர். நாம் இதைப் பாதம் என்றே அழைப்போம். கி.பி. 113-இல் ரோமாபுரியில் நிறுவப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டில் இத்தகைய பாதங்கள் அழகுறச் செதுக்கப்பட்டுள்ளன. அவை மெல்லியவை; கோட்டிலிருந்து வளைந்து இறங்கி, நுனியில் கூராக முடிபவை. நாம் எடுத்துக்கொண்ட வகையில் பாதம் அப்படி மெலிவதில்லை. நடுக்கோடு எவ்வளவு பருமனோ ஏறக்குறைய அவ்வளவு பருமன் பாதத்துக்கும் உண்டு. நுனி சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். இதனை ஸ்லாப் செரிஃப் என்பர். ஸ்லாப் என்ற சொல் நம் அன்னையருக்குப் புதிதன்று. சமையலறைச் சுவரில் தூக்குச்சட்டியும் ஊறுகாய் ஜாடியும் அடுக்கி வைக்கிறார்களே, அந்தச் சிலாப்புதான்! எழுத்தின் காலடியில் ஒரு சிலாப்பு கட்டியது போல எண்ணிக்கொண்டால் வடிவம் மனத்தில் பதிந்துவிடும்.

இவ்வெழுத்து பிறந்தது புத்தகத்துக்காக அன்று, சுவருக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் வாணிகம் பெருகியது. பரிசுச்சீட்டு, நாடகம், வண்டிப் பயணம் என எல்லாவற்றுக்கும் சுவரொட்டிகள் வந்தன. மெல்லிய புத்தக எழுத்தைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து யார் படிப்பார்? வின்சென்ட் ஃபிகின்ஸ் என்னும் எழுத்து வார்ப்பாளர் 1815-ஆம் ஆண்டளவில் தடித்த பாதம் கொண்ட எழுத்தைத் தம் மாதிரி ஏட்டில் வெளியிட்டார். விரைவில் இவ்வகைக்கு ‘எகிப்தியன்’ என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. எகிப்து நாட்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பாவில் எகிப்துப் பொருள்கள் மீது பெரும் மோகம் இருந்தது. புதியது எதற்கும் அப்பெயரைச் சூட்டி மகிழ்ந்தனர். பெயர் வைப்பதில் எல்லா நாட்டாரும் ஒன்றுதான் போலும்.

பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது, விலையும் கட்டாது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்து வெட்டும் பொறியை அமைத்தார். தடித்த பாதம் மரத்துக்கு மிகவும் ஏற்றது. மெல்லிய நுனியாக இருந்தால் இரண்டு நாள் அச்சடிப்பதற்குள் முறிந்து போகும்.

சுவரில் கூவிக்கொண்டிருந்த எழுத்தைப் புத்தகத்துக்குள் அடக்கமாக அழைத்து வந்தது கிளாரெண்டன் என்னும் வடிவம். 1845-இல் இராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் இதை வெளியிட்டது. இதில் பாதம் நடுக்கோட்டுடன் சேருமிடத்தில் சிறு வளைவு இருக்கும். அதனால் முரட்டுத்தனம் தணிந்து காணப்படும். அகராதியில் தலைச்சொல் மட்டும் தடித்தும், விளக்கம் மெல்லியதாகவும் இருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? இப்படிச் சாதாரண எழுத்தின் பக்கத்திலேயே நின்று ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுவதற்கென்றே கிளாரெண்டன் செய்யப்பட்டது. பெஸ்லி தம் வடிவத்தைச் சட்டப்படி பதிவு செய்தார். பாதுகாப்பு மூன்று ஆண்டுகளே. அது முடிந்ததும் மற்ற வார்ப்பகத்தார் தாராளமாகப் பார்த்து எழுதிவிட்டனர். தேர்வு அறையில் இதற்கு வேறு பெயர் உண்டு!

இனித் தட்டச்சுப் பொறிக்கு வருவோம். பத்தாம் வகுப்பு முடித்த நம் அக்காமார் பலர் தட்டச்சு நிலையத்தில் சேர்ந்து, கீழ்நிலைத் தேர்வும் மேல்நிலைத் தேர்வும் எழுதி வேலைக்குச் சென்றவர்கள். அவர்கள் தட்டிய எழுத்துகளுக்குப் பாதம் இருந்ததன் காரணத்தை இப்போதுதான் அறிந்தோம். தட்டச்சுப் பொறி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகல இடத்தையே தரும். ‘எம்’ என்னும் எழுத்து அகலமானது. அது உடலை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். சிறிய ‘ஐ’யும் ‘எல்’லும் ஒற்றைக் குச்சிகள், அவற்றின் இரு பக்கமும் இடம் வெறுமையாகக் கிடக்கும், சொல் இடையில் பிளந்தது போல் தோன்றும். அந்த வெற்றிடத்தை நிரப்பவே நீண்ட பாதம் உதவுகிறது. இங்கே பாதம் அலங்காரம் அன்று, வேலை செய்யும் உறுப்பு. 1955-இல் ஹோவர்ட் கெட்லர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறிகளுக்காக வரைந்த கூரியர் என்னும் வடிவம் இவ்வகையில் புகழ் பெற்றது. இன்றும் அது கணினிப் பட்டியலில் இருக்கிறது.

இவ்வெழுத்தின் குணம் என்ன? மனிதரில் சிலர் நின்றாலே இரு காலையும் அகற்றி ஊன்றி நிற்பர். காற்று அடித்தாலும் அசையார். ஆனால் அவர்களிடம் நளினத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஸ்லாப் செரிஃபும் அப்படியே. உறுதி, நேர்மை, சற்றே பிடிவாதம். சோனி நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும் வடிவத்தைப் பாருங்கள், ஐ.பி.எம். பெயரையும் பாருங்கள். ‘எங்கள் பொருளை நம்பலாம்’ என்று கேட்காமலே சொல்வது போல இருக்கிறது.

ஆகவே விளையாட்டு விழாப் பதாகை, கண்காட்சித் தலைப்பு, பேருந்து நிறுத்தப் பலகை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். திருமண அழைப்பிதழிலோ நினைவு அட்டையிலோ இதைப் போட்டால், துக்க வீட்டில் உரத்துப் பேசுபவரைப் போல் இருக்கும். நீண்ட பாடத்தைத் தடித்த ஸ்லாப் எழுத்தில் சிறியதாக அச்சிட்டாலும் கண் சோர்ந்துவிடும். பக்கம் முழுவதும் கறுத்து நிற்கும். ஆயினும் இவ்வகையில் மெலிந்தவையும் உண்டு. பீட்டர் மத்தியாஸ் நூர்ட்ஸெய் வரைந்து 1990-இல் வெளிவந்த கெசீலியா என்னும் எழுத்து, கிண்டில் என்னும் மின்னூல் கருவியில் கதை படிக்கவே பயன்பட்டது. கோடுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனாக இருப்பதால் சாதாரணத் திரையிலும் எந்தக் கோடும் மறைந்து போவதில்லை. நகலுக்கு நகல் எடுத்த வினாத்தாளை வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மெல்லிய கோடு உள்ள எழுத்தில் ‘ஈ’ எது, ‘சி’ எது என்று மூன்றாம் நகலிலேயே தெரியாது.

இதுவரை சொன்னது ஆங்கில எழுத்தின் கதை. நம் தமிழுக்கு இப்படிப் பாதம் வைக்கலாமா? எங்கள் மனத்தில் பெரிதாக நின்ற கேள்வி இதுதான்.

தமிழ் எழுத்து வளர்ந்தது பனையோலையில். எழுத்தாணியால் ஓலையின் நரம்போடு நெடுகக் கோடு இழுத்தால் ஓலை கிழியும். புள்ளியை அழுத்தினால் பொத்துக்கொள்ளும். ஆதலால் நம் எழுத்து வளைந்தும் சுழித்தும் வந்தது. குறுக்குப் பாதத்துக்கு அதில் இடமில்லை. 1578-இல் கொல்லத்தில் இயேசு சபைக் குருக்கள் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சான நூல்களுள் மிகப் பழையது. அதன் ஈய எழுத்துகளும் ஓலைக் கையெழுத்தின் சாயலையே கொண்டவை.

ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. குறிலானால் மேலே புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளியோ ஓலையில் விடுபட்டுப் போகும். இடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க வந்தவர் வீரமாமுனிவர் என்று நம் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். அவர் எகரத்தின் காலில் ஒரு சாய்கோடு இழுத்து ஏகாரம் ஆக்கினார். தோழியரே, இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் பாதத்தை வைத்தாலும் எடுத்தாலும் எழுத்து அதே எழுத்துதான். தமிழில் காலடியில் ஒரு கோடு வந்தால் எழுத்தே மாறிவிடுகிறது! அங்கே பாதம் உடை; இங்கே பாதம் உயிர்.

ரகரத்தையும் துணைக்காலையும் எடுத்துக்கொள்வோம். ஓலைச்சுவடியில் இரண்டும் ஒன்று போலவே இருந்தன. இன்று அச்சில் ரகரத்தைப் பிரித்துக் காட்டுவது அதன் அடியில் உள்ள சிறு சாய்கோடு மட்டுமே. துணைக்காலுக்கு அழகாக ஒரு பாதம் வைத்துவிட்டால் ‘காடு’ ‘கரடு’ ஆகும். ‘தாம்’ ‘தரம்’ ஆகும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தபோது ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவங்கள் போய், அவையும் துணைக்கால் பெற்றன. ஆகவே முன்னைவிட இன்று நம் எழுத்தில் துணைக்கால் அதிகம். பாதத்தால் வரும் குழப்பமும் அதிகமாகவே இருக்கும்.

இதை வாயால் சொல்லிக்கொண்டிராமல் செய்தே பார்த்தோம். அண்டை ஊரான மதுராந்தகத்தின் ஏரியைப் பற்றி ஒரு படம் வரைந்திருந்தோம். அதற்கென இரண்டு அட்டைகள் தயாரித்தோம். ஒன்றில் ‘எரி’ என்று எழுதி, எகரத்தின் காலுக்கு ஆங்கில எழுத்தைப் போலத் தட்டையான பாதம் வைத்தோம். மற்றொன்றில் ‘ஏரி’ என்றே வழக்கம் போல எழுதினோம். தாழ்வாரத்தின் கடைசியில் ஏழாம் வகுப்புத் தங்கைகளை நிறுத்திப் படிக்கச் சொன்னோம். பெரும்பாலோர் இரண்டையும் ‘ஏரி’ என்றே படித்தனர். ஒரு சுட்டிப்பெண் மட்டும், “அக்கா, முதல் ஏரியில் தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கிறது” என்றாள்!

பாதம் வேண்டாம், எழுத்தை வெறுமனே தடிக்க வைத்தால் போதுமே என்று தோன்றலாம். கொட்டை எழுத்து என்று நாம் சொல்வது அதைத்தானே? அதிலும் ஓர் இடர் உண்டு. இரண்டு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் சுழியின் எண்ணிக்கையால் மட்டுமே வேறுபடுகின்றன. கோடு பருக்கப் பருக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். மையும் பரவினால் அடைந்தே போகும். பிறகு ‘மணம்’ எது, ‘மனம்’ எது? ஆணி அடித்தார்களா, ஆனி பிறந்ததா? புள்ளியும் அப்படித்தான். தடித்த எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும்.

தட்டச்சுப் பொறியிலும் தமிழ் இதே நெருக்கடியைச் சந்தித்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த முன்னோடி. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்க வேண்டுமே! எல்லாவற்றுக்கும் தனி விசை வைக்க இயலாது. அதனால் புள்ளிக்கு நகரா விசை அமைந்தது. அதைத் தட்டினால் தாள் நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அப்புள்ளியின் கீழேயே வந்து விழும். ஆங்கிலப் பொறியில் குச்சி போன்ற எழுத்தை நீட்டுவது சிக்கல். தமிழில் ணகரம் போன்ற அகன்ற எழுத்தை ஒடுக்குவது சிக்கல். மருந்தும் வேறாகத்தானே இருக்க முடியும்?

ஆங்கிலத் தலைப்பு ஸ்லாப் எழுத்தில் இருக்கும்போது அதன் கீழே தமிழை எப்படி எழுதலாம்? பல அட்டைகளை வீணாக்கிய பின் நாங்கள் கண்ட வழி இது. கோட்டின் பருமன் எங்கும் ஒன்றாக இருக்கட்டும். கோடு முடியும் இடத்தைக் கூராக்காமல் தட்டைத் தூரிகையால் சதுரமாக வெட்டி நிறுத்தவும். ஆங்கிலப் பாதத்தின் உறுதி இதிலேயே வந்துவிடுகிறது. பாதம் மட்டும் வேண்டாம். ஏகாரத்தின் சாய்கோட்டையும் ரகரத்தின் சாய்கோட்டையும் கோட்டின் பருமனைவிட இரு மடங்காவது நீட்டிச் சாய்த்து இழுக்கவும். ணகரத்தைப் பக்கவாட்டில் அகலமாக்கிச் சுழிகளைத் திறந்து வைக்கவும். மற்ற எழுத்துகளின் அகலத்துக்கு அதை ஒடுக்க வேண்டாம். புள்ளி உருண்டையாக, எழுத்தைத் தொடாமல் நிற்கட்டும். தமிழில் மேலும் கீழும் கொம்பும் விலங்கும் வருவதால் வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும்.

இரண்டு மொழியையும் ஒரே அளவில் எழுதினால் தமிழ் சற்று நெருக்கமாகவே தோன்றுகிறது. நாங்கள் ஆங்கில எழுத்துக்கு நான்கு அங்குலம் விட்டால் தமிழுக்கு நாலரை அங்குலம் விட்டோம். அந்த அளவில் ‘மதுராந்தகம் ஏரி’ என்பதை மைதானத்தின் மறுகோடியிலிருந்து எல்லோரும் படித்தனர்.