வேருக்கு ஒரு வாட்ச்மேன்: கன உலோகமும் மைக்கோரைசாவும்

கன உலோகம்னு சொன்னதும் அது மெட்டலர்ஜி டிபார்ட்மெண்ட் சமாச்சாரம்னு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப் போனது. மழைத்தண்ணீர் அதில் ஊறிச் சுற்றியுள்ள மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் போனது. "செடி நட்டு மண்ணைச் சுத்தம் பண்ணிடலாமே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நட்டால் அந்தச் செடிக்கும், அதன் வேரோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் பூஞ்சைக்கும் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

முதலில் செடி. வேரின் செல்சவ்வில் ஒவ்வொரு சத்தையும் உள்ளே இழுக்கத் தனித்தனிப் புரதங்கள் உண்டு. ஆனால் அந்த வாசலில் செக்கிங் ரொம்ப வீக். ஆர்சனேட்டின் அமைப்பு பாஸ்பேட் மாதிரியே இருப்பதால் பாஸ்பேட் வழியில் நுழைந்துவிடும். குரோமேட்டுக்கு சல்பேட் வழி. காட்மியம் இரும்பும் துத்தநாகமும் போகிற வழியில் வரும். போலி ஐ.டி. கார்டோடு ஹாஸ்டலுக்குள் போகிற கதைதான்! உள்ளே வந்ததும் நொதிகளில் துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேர்நுனி வளராது, இலை வெளிறும். செடியும் சும்மா இருக்காது. ஃபைட்டோகெலேட்டின் என்ற சிறு பெப்டைடைத் தயாரித்து, அதிலுள்ள கந்தகத்தால் காட்மியத்தைக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் வேக்யுவோலில் அடைத்து வைக்கும்.

இப்போ பூஞ்சை. நிலத்தாவரங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்ற பூஞ்சையோடு சேர்ந்தே வாழ்கின்றன. செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும். பூஞ்சை, வேர் எட்டாத தூரத்துக்குத் தன் மெல்லிய இழைகளை நீட்டி பாஸ்பரஸ் கொண்டுவரும். சுமார் 40 கோடி ஆண்டு பழைய ஸ்காட்லாந்து புதைபடிவங்களிலேயே இந்த டீலுக்கு ஆதாரம் இருக்கிறது. உலோகம் நிறைந்த மண்ணில் இந்த இழைகளுக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. இழைச் சுவரிலுள்ள கைட்டின் உலோக அயனிகளைப் பிடித்து நிறுத்தும். தப்பி உள்ளே வந்தவை பாலிபாஸ்பேட் துகள்களில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் எப்போதும் இப்படித் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். துத்தநாகம் குறைவாக உள்ள மண்ணில் இதே பூஞ்சை செடிக்கு அதை அதிகமாகக் கொண்டுவந்து கொடுக்கும். அளவுக்கு மீறி இருந்தால்தான் தடுக்கும். பூஞ்சைக்கும் விஷம் விஷம்தான். உலோகம் ஏற ஏற ஸ்போர் முளைப்பது குறையும், வகைகள் குறையும். பழகிய இனங்கள்தான் மிஞ்சும்.

அந்த மிஞ்சியவைதான் புதையல். ஜெர்மனியில் ஆஹன் நகருக்கு அருகே பிரைனிகெர்பெர்க் என்ற பழைய துத்தநாக-ஈயச் சுரங்கப் பகுதியில் மஞ்சள் வயலட் பூச்செடி ஒன்று வளர்கிறது. அதன் வேரிலிருந்து ஒரு பூஞ்சை இனத்தைப் பிரித்தெடுத்து மக்காச்சோளத்தோடு சேர்த்தார்கள். உலோக மண்ணிலும் சோளம் வளர்ந்தது! 1999இல் வெளியான ஆய்வில், வேருக்குள் போன உலோகம் பெரும்பாலும் பூஞ்சை குடியிருக்கும் உள்செல்களிலேயே தங்கியிருந்தது தெரிந்தது.

இங்கேதான் நம் இன்ஜினியரிங் கேள்வி வருகிறது: உலோகத்தை வெளியே எடுக்கணுமா, இருக்கிற இடத்திலேயே கட்டிப்போடணுமா? எடுப்பதில் பேர்போன கடுகுக் குடும்பத்துச் செடிகளில் பெரும்பாலானவை மைக்கோரைசாவோடு சேர்வதே இல்லை. குரோமியமோ பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும், இலையை அறுத்துப் பயனில்லை. அதனால் ராணிப்பேட்டை மாதிரி இடத்தைச் சுற்றியுள்ள மண்ணில், புழுதி பறக்காமலும் மண் அடித்துப் போகாமலும் மூடிவைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. அதற்குப் பூஞ்சை நல்ல கூட்டாளி. ஒரே சிக்கல், அங்கே பச்சைப்பசேல்னு இருப்பதைப் பார்த்து ஆட்டை மேயவிட்டால் ஆபத்து. டீசலை நுண்ணுயிர் சிதைக்கலாம். குரோமிய அணுவை யாராலும் சிதைக்க முடியாது.

என்.எஸ்.எஸ். நடவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். டி.ஏ.பி. உரத்தைக் கொட்டாதீங்க; பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையைக் கழற்றிவிடும். அதே மண்ணில் தானாக முளைத்த புல்லின் மெல்லிய வேரை முதலில் பாருங்க. 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடம் கொதிக்கவைத்து (கையுறை, கண்ணாடி கட்டாயம்), நன்றாகக் கழுவி, 5 சதவீதம் கறுப்புப் பேனா மை கலந்த வினிகரில் 3 நிமிடம் கொதிக்கவையுங்க. சில பிராண்டு மை ஒட்டாது, மாற்றிப் பாருங்க. மைக்ரோஸ்கோப்பில் வேருக்குள் குட்டி மரம் மாதிரி கிளைத்த உருவங்கள் தெரிந்தால், வாட்ச்மேன் டூட்டியில் இருக்கிறார்.