கோதுமையும் என் குடலும்

சென்னையை விட்டுக் காசிக்கு வந்த தமிழ் மாணவருக்கு, விடுதியில் நாள்தோறும் சப்பாத்தியா என்பதே பெருங்குறை. எனக்கோ அது குறையன்று, நோயே ஆயிற்று. ஓராண்டில் ஒன்பது கிலோ இளைத்தேன். வயிற்றுப்போக்கும் சோகையும் வேறு. 'தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்றனர் நண்பர்கள். இரத்தச் சோதனையும் சிறுகுடல் திசுச் சோதனையும் காட்டியது சீலியாக் நோயை.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் புரதத்தைக் கண்டதும், இந்நோயாளியின் உடற்காப்புப் படை தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்டது உடலில் ஒட்டுவதில்லை. கோதுமையே காரணமென்று டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். இன்றும் மருத்துவம் ஒன்றே: வாழ்நாள் முழுதும் விலக்கல். ஐயமுள்ள நண்பர்களே, சோதனைக்கு முன்பே கோதுமையை விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பொருள் குறைந்து நோய் அகப்படாமல் போகலாம்.

சப்பாத்தியை விட்டேன். ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையின் பிள்ளைகளே; உப்புமாவும் போயிற்று. (பரோட்டாவுக்கு ஒரு நாள் துக்கம் காத்தேன்!) சோறு, பருப்பு, கேழ்வரகு என்று நின்றும் வயிறு அடங்கவில்லை. இரண்டு மாதத்தில் திருடன் பிடிபட்டான்: அம்மா அனுப்பிய சாம்பார்ப் பொடி! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். உறையில் பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

தொலைபேசியில் சொன்னதும் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ ரசத்துக்கு என்னடா போடுவே?"

"பூண்டு தட்டிப் போட்டுக்கறேம்மா."

அடுத்த பொட்டலத்தில் அரிசி மாவு கலந்த பெருங்காயம் வந்தது. உறையிலிருந்த பொடியெழுத்தின் கீழே பேனாவால் கோடிட்டிருந்தார்.