அந்த இரண்டு பத்திகள் யாருடையவை?

அன்புள்ள தம்பிக்கு,

யாரும் எழுதித் திருத்தக்கூடிய விக்கிசெய்தி தளத்தில் நீ எழுதிய பேருந்துக் கட்டண உயர்வுச் செய்தியின் கடைசி இரண்டு பத்திகளை யாரோ நீக்கிவிட்டதாகக் கோபப்பட்டிருந்தாய். பக்கத்தின் வரலாற்றைத் திறந்து படித்தேன். நீ எழுதியதிலேயே சூடான பத்திகள் அவைதாம். ஆனாலும் நீக்கியது சரி என்பேன்.

விக்கி விதியான 'நடுநிலை நோக்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. எந்தச் செய்தியை எடுப்பது, எதை முதல் வரியில் வைப்பது என்பதிலேயே நம் சாய்வு நுழைந்துவிடுகிறது. என்னை உறுத்துவது வேறு. அறிவிப்பு செவ்வாயா புதனா என்று தவறாகப் போட்டிருந்தால் அடுத்தவர் திருத்திவிடுவார். "இந்த உயர்வு அநியாயம்" என்பதை அவர் எப்படித் திருத்துவார்? "ஓரளவு அநியாயம்" என்றா? இன்னொருவர் வந்து டீசல் விலையைச் சேர்ப்பார். நாலு பேர் கை வைத்தபின் அந்தக் கருத்துக்கு யார் பதில் சொல்வது?

கருத்தைப் பலர் கூடித் திருத்துவதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 2005 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ், ஈராக் போர் பற்றிய தன் தலையங்கத்தை இணையத்தில் போட்டு, வாசகர்கள் விரும்பியபடி திருத்தி எழுதலாம் என்று திறந்துவிட்டது. 'விக்கிடோரியல்' என்று பெயர். விக்கிப்பீடியா நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே வந்து, தலையங்கத்தை இரண்டாகப் பிரித்து எதிர்வாதத்துக்குத் தனிப்பக்கம் போட்டார். (கூட்டாக எழுதுவதில் அவரைவிடப் பழுத்தவர் யார்? அவருக்கே பாகப்பிரிவினைதான் தோன்றியிருக்கிறது.) சில நாட்களில் ஆபாசப் படங்கள் வந்து விழ, நாளிதழ் அதை இழுத்து மூடியது. மூடியதற்குக் காரணம் படங்கள்தான். அதற்கு முன்பே நடந்துவிட்ட அந்தப் பிரிவினையைத்தான் நீ யோசிக்க வேண்டும்.

அதற்காக விக்கிசெய்தியில் சூடே இருக்கக்கூடாது என்று எடுத்துக்கொள்ளாதே. விக்கிப்பீடியாவில் இல்லாத ஒரு சலுகை இங்கே உண்டு: நீயே போய்ச் செய்தி சேகரிக்கலாம். ஆங்கில விக்கிசெய்திக்காக ஒரு தன்னார்வலர், இஸ்ரேல் அதிபராக இருந்த ஷிமோன் பெரஸையே பேட்டி எடுத்தார். 2008 தொடக்கத்தில் வெளிவந்தது. உனக்கு அதிபர் வேண்டாம், பேருந்து நிலையம் போதும். "ஏழை வயிற்றில் அடிக்கும் உயர்வு" என்று எழுதியிருந்தாயே, அதை எடுத்துவிட்டு, காய்கறிக் கூடையோடு ஏறும் ஒரு பெரியவரிடம் கேள்: தன் டிக்கெட்டுக்கு எவ்வளவு, கூடைக்கான லக்கேஜ் டிக்கெட்டுக்கு எவ்வளவு, அன்றைய விற்பனையில் கையில் நின்றது எவ்வளவு. அவர் திட்டினால் திட்டியதை அவர் வாய்மொழியாகவே போடு. அரசுத் தரப்பின் கணக்கையும் அதே அக்கறையோடு கேட்டு எழுது. குறிப்புகளை அந்தச் செய்தியின் பேச்சுப் பக்கத்தில் இட்டுவை, சரிபார்ப்பவருக்கு உதவும்.

நீக்கப்பட்ட இரண்டு பத்திகளும் வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. நகலெடுத்து, இன்னும் கொஞ்சம் வளர்த்து, உன் பெயரைப் போட்டு ஒரு நாளிதழுக்கு அனுப்பு. இரண்டாம் பத்தியில் புறநகர்க் கட்டணமும் நகரக் கட்டணமும் குழம்பியிருப்பதுபோல் தெரிகிறது. அனுப்புமுன் அதை ஒருமுறை பார்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்