மலைச்சாலையும் டெமிங் பரிசும்

நுழையும்முன்

விருது என்றதும் மேடையும் கேடயமும் கைதட்டலும் நினைவுக்கு வருகின்றன. ஒரு தொழிற்சாலைக்கு வழங்கப்படும் விருது எத்தகையது? அதனை வழங்குவோர் யார்? அவர்கள் எதனைப் பார்த்து மதிப்பிடுகின்றனர்? மோட்டார் வாகனத் தொழிலில் தமிழகம் பெற்ற உலகப் பரிசு ஒன்றின் வரலாற்றைக் கம்பம் பள்ளத்தாக்கின் மலைச்சாலையிலிருந்து தொடங்கிக் காண்போம்.

போடிமெட்டில் பொழுது சாயும் வேளை. ஏலத்தோட்டங்களில் பகல் முழுதும் உழைத்த பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து ஊர் திரும்புகின்றனர். மூணாறிலிருந்து தேனிக்கு வரும் பேருந்தும் அவ்வழியேதான் இறங்க வேண்டும். மெட்டிலிருந்து அடிவாரம் வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவு வருமுன்பே ஓட்டுநர் கியரைக் குறைத்துவிடுகிறார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்கள் புதியவர்க்குச் சொல்லும் முதற்பாடம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கலாகாது என்பது அதன் பொருள். ஆயினும் பிரேக் இல்லாமல் ஒரு வளைவையும் கடக்க இயலாது.

இயற்பியல் பாடத்தில் நீங்கள் கற்ற நிலையாற்றலை இங்கே நினைவுகூருங்கள். பத்து டன் எடையுள்ள ஒரு பேருந்து 1000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 98 மெகா ஜூல். முந்நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் இது. இதில் ஒரு பகுதியை எஞ்சினும் எதிர்க்காற்றும் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சிய அனைத்தும் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக்குகளில் வெப்பமாக மாறியாக வேண்டும்.

அவ்வெப்பத்தைத் தாங்குவது கையகலப் பட்டை ஒன்று. சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையின் உட்புறத்தில் அழுந்தி உராயும் அதனைப் பணிமனைகளில் 'பிரேக் லைனிங்' என்பர். நார்ப்பொருள்களையும் உலோகத் துகள்களையும் பிசினோடு கலந்து, அச்சில் அழுத்தி, சூட்டில் பதப்படுத்தி அதனை உருவாக்குகின்றனர். கலவை சிறிது மாறினாலும், சூளையின் வெப்பம் சிறிது குறைந்தாலும் பட்டையின் தன்மை மாறிவிடும். தரமற்ற பட்டை, சூடேறச் சூடேற உராய்வை இழக்கும். ஓட்டுநர் மிதித்துக்கொண்டே இருப்பார், வண்டி நிற்காது. அந்தத் தவற்றைப் பேருந்தில் இருக்கும் எவரும் முன்கூட்டிக் கண்டறிய முடியாது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் முன்பின் அறியாத ஒருவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்ற நம்பிக்கையிலேயே நாம் அனைவரும் மலையிறங்குகிறோம்.

சராசரி போதாது

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து ஐந்தைந்து பட்டைகளை எடுத்துச் சோதிப்பதாகக் கருதுங்கள். முதல் தொழிற்சாலைப் பட்டைகளின் உராய்வுக் குணகங்கள் 0.40, 0.41, 0.39, 0.40, 0.40. இரண்டாவதன் பட்டைகள் 0.50, 0.30, 0.45, 0.35, 0.40. இரண்டிற்கும் சராசரி 0.40 தான். சராசரியை மட்டும் காண்பவர் இரண்டும் ஒன்றே என்பார். ஆனால், இரண்டாம் தொழிற்சாலையின் பட்டைகளுள் 0.50 இடச் சக்கரத்திலும் 0.30 வலச் சக்கரத்திலும் அமைந்துவிட்டால் என்னவாகும்? பிரேக்கை மிதித்தவுடன் வண்டி இடப்பக்கம் இழுக்கும். சமவெளியில் அது ஒரு தொல்லை. பள்ளம் இடப்புறமாக உள்ள வளைவில் அது உயிர்ச்சேதம்.

பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் என்ற பெயரில் நீங்கள் கணக்கிட்டது இந்த வேறுபாட்டைத்தான். தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடும் பாடங்களுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம். ஒரு நாட்டின் தொழில்துறை தலைநிமிர்ந்ததற்கு அதுவே அடித்தளமாயிற்று.

எட்வர்ட்ஸ் டெமிங் என்பவர் 1900-ஆம் ஆண்டு பிறந்த அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். உற்பத்தியில் தோன்றும் மாறுபாடுகளைக் கட்டுப்பாட்டு வரைபடம் கொண்டு கண்காணிக்கும் முறையை 1924-இல் வகுத்தவர் வால்ட்டர் ஷூவார்ட். அவர் வழி வந்தவர் டெமிங். பொருளைச் செய்து முடித்தபின் சோதித்துக் கழிப்பதால் தரம் உயராது, செய்யும் முறையிலேயே மாறுபாட்டின் காரணத்தைத் தேடிக் களைய வேண்டும் என்பது அவர் கருத்து. குறைகளுள் பெரும்பாலானவை பணிமுறையின் குறைகளே என்றும், அவற்றிற்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்வது முறையன்று என்றும் அவர் வலியுறுத்தினார்.

1950-ஆம் ஆண்டு கோடையில், ஜப்பானிய அறிவியலாளர் பொறியாளர் ஒன்றியத்தின் அழைப்பை ஏற்று அவர் ஜப்பானில் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் விரிவுரைகள் ஆற்றினார். போரில் சிதைந்திருந்த ஜப்பானின் பொருள்கள் அக்காலத்தில் மலிவுக்கும் தரக்குறைவுக்கும் பெயர் பெற்றவை. டெமிங்கின் விரிவுரைத் தொகுப்பு நூலாக விற்பனையானபோது, தமக்குரிய உரிமத்தொகையை அவர் பெற்றுக்கொள்ளாமல் ஒன்றியத்திற்கே அளித்தார். அத்தொகையை அடிப்படையாகக் கொண்டு 1951-இல் அவர் பெயரால் நிறுவப்பட்டதே டெமிங் பரிசு. நிசான் நிறுவனம் 1960-இலும், டொயோட்டா நிறுவனம் 1965-இலும் இப்பரிசைப் பெற்றன. தம் நாட்டு அறிஞரின் அருமையை அமெரிக்கர் பரவலாக உணர்ந்ததோ, 1980-இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்திற்குப் பின்னர்தான்.

போட்டி இல்லாத பரிசு

டெமிங் பரிசில் முதலிடம், இரண்டாமிடம் என்பவை இல்லை. தகுதி பெற்ற நிறுவனங்கள் ஓராண்டில் எத்தனை இருப்பினும் அத்தனைக்கும் உண்டு. ஒன்றும் தேறாவிடின் ஒன்றுக்கும் இல்லை. நிறுவனம் தன் பணிமுறையை விரிவாக எழுதி விண்ணப்பிக்க வேண்டும். பின்னர்த் தேர்வாளர்கள் ஆலைக்கே வருகின்றனர். தலைமை நிருவாகி முதல் பணிக்கூடத்தில் நிற்பவர் வரை பல நிலையினரிடமும் வினவுகின்றனர். 'இந்த அளவு ஏன் மாறியது? காரணத்தை எவ்வாறு கண்டறிந்தீர்கள்? மீண்டும் நேராதிருக்க என்ன செய்தீர்கள்?' என்ற வகையில் வினாக்கள் அமையும். அழகாக அச்சிட்ட அறிக்கையால் மட்டும் இத்தேர்வில் தேறிவிட முடியாது.

இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் தமிழகத்தைச் சேர்ந்தது. சென்னை பாடியில் அமைந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் அதனைப் பெற்றது. அதன் வேர் மதுரையில் இருக்கிறது. 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய மோட்டார்த் தொழிலே பிற்காலத்தில் டி.வி.எஸ். குழுமமாக விரிந்தது. தேனியும் கம்பமும் அந்நாளில் மதுரை மாவட்டத்து ஊர்கள். அக்காலத்து டி.வி.எஸ். பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என மதுரைப் பகுதி முதியோர் சொல்வதுண்டு. சுந்தரம் கிளேட்டன் 1962-இல், ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் கூட்டுறவோடு, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் காற்றழுத்த பிரேக்குகளைச் செய்ய உருவாக்கப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் வண்டி நின்றதும் 'புஸ்' என்று கேட்கும் ஒலி அந்த வகை பிரேக்கினுடையதே.

அக்காலத்தில் இந்தியாவில் வண்டி வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். செய்ததெல்லாம் விற்கும் சந்தையில் தரத்தைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டிய கட்டாயம் எந்த நிறுவனத்திற்கும் இருக்கவில்லை. 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தபின் அந்த நிலை மாறியது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே கார் செய்ய வந்தன. உதிரிபாகங்களையும் தம் நாட்டுத் தரத்தில் கேட்டன. சுந்தரம் கிளேட்டனோ 1980-களின் இறுதியிலேயே முழுமைத் தர மேலாண்மையை மேற்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஜப்பானியப் பேராசிரியர்கள் பாடிக்கு வந்து வழிகாட்டினர். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்னும் சுழற்சி அன்றாட வழக்கமாயிற்று. பரிசு கைக்கு வரப் பத்தாண்டு பிடித்தது. 2002-இல் அப்பரிசின் அடுத்த படியான ஜப்பான் தரப் பதக்கத்தையும் அப்பிரிவு பெற்றது.

அடுத்தடுத்த ஆண்டுகளின் பரிசுப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர்களாக வருகின்றன. 2001-இல் பிரேக் பட்டைகளைச் செய்யும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். 2003-இல் அம்பத்தூரைச் சேர்ந்த ரானே பிரேக் லைனிங், சோளிங்கரில் உள்ள பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை. 2004-இல் லூகாஸ் டி.வி.எஸ். இவற்றுள் பல பிரேக் செய்பவை என்பதைக் கவனியுங்கள். பிழைபட்டால் உயிர் போகும் பொருளைச் செய்வோரே மாறுபாட்டைக் குறைக்கும் கலையை முதலில் கற்றனர்.

ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-இல் டெமிங் பரிசைப் பெற்றது. உலகில் இப்பரிசு பெற்ற முதல் இருசக்கர வாகன நிறுவனம் அதுவே. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அது ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கொண்டிருந்த கூட்டை முடித்துக்கொண்டு, தானே வடிவமைத்த 'விக்டர்' வண்டியை வெளியிட்டிருந்தது. கற்பித்த நாட்டின் துணை விலகிய வேளையில் அந்த நாட்டின் பரிசு வந்தது ஒரு சுவையான முரண். 1980-இல் அறிமுகமான டி.வி.எஸ். 50 வண்டியும் அதன் வழித்தோன்றல்களும் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கூடையும் வாழைத்தாரும் புல்லுக்கட்டும் சுமந்து ஓடுவதைக் காணாதார் இல்லை. அந்த வண்டிகளை ஓட்டும் உழவர்களுள் எத்தனை பேர் இப்பரிசைக் கேள்விப்பட்டிருப்பர்!

விருதுகள் பலவிதம்

எல்லா விருதுகளும் இவ்வகையின அல்ல. 'ஆண்டின் சிறந்த இந்தியக் கார்' என்னும் விருதை மோட்டார் இதழாளர்கள் அடங்கிய நடுவர் குழு வழங்குகிறது. அவ்வாண்டு வெளிவந்த கார்களை ஓட்டிப் பார்த்து, விலை, வசதி, எரிபொருள் சிக்கனம், தோற்றம் எனப் பலவற்றையும் எடைபோடுகின்றனர். திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் ஐ10 கார் 2008-க்கான விருதையும், மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஃபிகோ 2011-க்கான விருதையும் வென்றன. தமிழகத்திற்கு அவை பெருமையே.

ஆனால் 2014 சனவரியில் வேறொரு மதிப்பீடு வெளியாயிற்று. உலகப் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டம் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஐந்து சிறு கார்களின் காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதச் செய்து சோதித்தது. ஐந்துமே, முன்னிருக்கையில் அமரும் பெரியவர்களின் பாதுகாப்பில், ஒரு விண்மீன் கூடப் பெறவில்லை. மேற்சொன்ன இரண்டு கார்களும் அவற்றுள் அடங்கும். இதழாளர் தீர்ப்புப் பொய் என்பதற்கில்லை; அவர்கள் கேட்ட கேள்வி வேறு, மோதல் சோதனை கேட்ட கேள்வி வேறு. 2018 இறுதியில் டாடா நெக்ஸான் ஐந்து விண்மீன்களைப் பெற்ற முதல் இந்தியக் காரானது. 2023 அக்டோபரில் இந்திய அரசின் சொந்த மதிப்பீட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கார் விளம்பரங்களில் விண்மீன்களை எண்ணிக் காட்டும் வழக்கமும் இங்கே பெருகியது.

நம் பள்ளத்தாக்கும் அண்மையில் ஓர் அங்கீகாரத்தைப் பெற்றது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மண்ணுக்கும் நீருக்கும் பயிரிடுவோர் மரபுக்கும் உரியது. வேறோர் ஊர் அதனைப் பெற முடியாது. டெமிங் பரிசோ எந்த ஊரும் உழைத்துப் பெறக்கூடியது. பாடியில் இரும்பும் விளைவதில்லை, பிசினும் விளைவதில்லை.

இப்பரிசையும் அளவு கடந்து போற்றுதல் தகாது. 1989-இல் ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக இதனைப் பெற்றது அமெரிக்காவின் புளோரிடா மாநில மின் நிறுவனம் ஒன்று. பரிசுக்கான ஆயத்தத்தில் தாளும் படிவமும் பெருகி ஊழியர் சலிப்புற்றிருப்பதை அதன் புதிய தலைவர் கண்டார். தர மேம்பாட்டுத் துறையையே அவர் பெரிதும் சுருக்கிவிட்டார். தரத்திற்கே இலக்கணமாகப் போற்றப்பட்ட டொயோட்டாவும் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் முடுக்கி மிதிக்கட்டைக் குறைபாட்டிற்காகப் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பரிசு வாங்கிய நாளில் பணிமுறை எவ்வாறு இருந்தது என்பதற்கே பரிசு சான்று. மறுநாள் காலையில் சூளையின் வெப்பத்தை யாரேனும் மீண்டும் பார்த்துக் குறித்தாக வேண்டும்.

அவ்வாறு குறிப்பவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2019-இல் சுந்தரம் கிளேட்டன், டி.வி.எஸ். மோட்டார் நிறுவனங்களின் தலைவர் வேணு சீனிவாசனுக்கு, வெளிநாடுகளில் தர மேலாண்மையைப் பரப்பியமைக்கான டெமிங் சிறப்பு விருது வழங்கப்பட்டது. இந்தியத் தொழிலதிபர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்விருது அவருக்குத் தக்கதே. எனினும் தேனியிலும் போடியிலும் ஐ.டி.ஐ. படித்து முடித்து, துணிப்பையோடு ஓசூருக்கோ திருப்பெரும்புதூருக்கோ பேருந்து ஏறும் இளைஞர்களுள் ஒருவர், ஒரு பட்டையை அளந்து, 'இது சரியில்லை' என்று தனியே எடுத்து வைக்கிறார். அந்தப் பட்டை போடிமெட்டுக்கு வந்து சேருவதில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப் பணிமனை ஒன்றுக்குச் சென்று, தேய்ந்த பிரேக் லைனிங்கையும் புதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதனை எப்போது மாற்ற வேண்டும் என்பதை மெக்கானிக் எவ்வாறு அறிகிறார் எனக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

பாடத்தில் தரப்பட்டுள்ள இரு தொழிற்சாலைப் பட்டைகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு, வகுப்பில் விளக்கிப் பேசுக.

நாளிதழ் விளம்பரம் ஒன்றில் இடம்பெறும் விருதைத் தெரிவு செய்து, 'யார் வழங்கியது, எதனைச் சோதித்து வழங்கியது' என்பவற்றைத் திரட்டிக் கலந்துரையாடுக.