12 அடி அகலத்துல ஒரு வீடு

எங்க வீடு லைன் வீடு. ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். நடு ரூம்ல மத்தியானம் 12 மணிக்கும் டியூப்லைட் எரியும். அதனால ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குக் குறைந்த செலவு வரிசை வீடுன்னு டாபிக் எடுத்தப்போ, நமக்குத் தெரியாததாங்கிற கெத்து இருந்துச்சு. முதல் ரிவ்யூல சார் பிளானைப் பார்த்துட்டு, "இந்த பெட்ரூமுக்கு வெளிச்சம் எங்கிருந்துப்பா வருது?"ன்னு கேட்டார். எங்க வீட்டு இருட்டு ரூமையே வரைஞ்சு வெச்சிருந்தேன்!

அப்புறம் தேடிப் பிடிச்சதுதான் சார்லஸ் கொரியாவின் 'டியூப் ஹவுஸ்'. 1960-களின் தொடக்கத்தில் குஜராத் வீட்டு வசதி வாரியம் நடத்திய போட்டிக்கு அவர் வரைஞ்சது. கேட்டது அடுக்குமாடி. அவர் கொடுத்தது சுமார் 3.6 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளத்தில் ஒட்டி நிற்கும் வீடுகள். அதே நிலத்தில் அதே அளவு குடும்பங்கள், ஆனா ஒவ்வொருத்தருக்கும் இடம் கூடுதல். பரிசும் அவருக்குத்தான்.

செலவு எங்க குறையுது? 10 தனி வீடுகளுக்கு 20 நீளச் சுவர் வேணும். வரிசையா ஒட்டிக் கட்டினா 11 போதும்.

பிரச்சினை வெளிச்சம்தான். ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல சுமார் 2 மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியா உள்ளே வரும். 7 அடின்னா 14 அடி. முன்பக்கம் 14, பின்பக்கம் 14 போக, 60 அடி வீட்டில் நடுவுல 32 அடி இருட்டு. என்ன பெயின்ட் அடிச்சாலும் அது மாறாது. கொரியா நடுவுல சின்ன முற்றம் வெச்சார். 10க்கு 5 அடி முற்றம்னா, 720 சதுர அடியில் போறது வெறும் 50. மேல முழு மாடி போட்டா மட்டும் அது கிணறு மாதிரி ஆயிடும், ஜாக்கிரதை.

காத்துக்கும் வழி இருக்கு. வாசல் பக்கம் திறந்து மூடுற லூவர்கள். சூடான காத்து சாய்வான கூரையை ஒட்டி மேலே ஏறி, உச்சியில் உள்ள திறப்பு வழியா வெளியே போயிடும்.

அப்புறம் காரிடார். 12 அடியில் 3 அடியை நடக்க விட்டா ரூம் என்னாகும்? அவர் உள்ளே கதவுகளையே குறைச்சு, தரை மட்டத்தை ஏற்றி இறக்கி அறைகளைப் பிரிச்சார். பார்வை எங்கயும் முட்டாது. நம்ம அக்ரஹாரத்து வீடுகளில் வாசல்ல நின்னா கொல்லை வரைக்கும் தெரியுமே, அதே கணக்கு.

புது பிளானை அம்மாகிட்ட காட்டினேன். முற்றத்து மேல விரலை வெச்சு, "ஐப்பசி மழைக்கு என்னடா பண்ணுவே?"ன்னாங்க. நியாயம்தான், அகமதாபாத் மழை வேற, நம்ம மழை வேற. கூரைக்கு ஒரு அடி மேல கண்ணாடி மாதிரி ஷீட், சுத்தி கொசுவலை, தரைக்கடியில் தெரு வரைக்கும் ஒரு பைப். இப்போதைக்கு இப்படி வரைஞ்சிருக்கேன். ரெண்டாவது ரிவ்யூ வியாழக்கிழமை.