பெறுதலும் ஏற்றலும்

பெறுதல், ஏற்றல் என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் ஒரு பொருளனவாகவே வழங்குகின்றன. ஆயின் வாணிகத்தில் அவை வேறுபட்டவை. பொருள் நம் கைக்கு வந்து சேர்வது பெறுதல். அதனை ஆராய்ந்து மனம் ஒப்பி, நமக்குரியதாகக் கொள்வது ஏற்றல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிறு பொழுதே வாங்குவோர்க்குரிய பொழுதாகும். பழுது நீக்கிப் புதுப்பித்து விற்கப்படும் மடிக்கணினியை வாங்க முனையும் மாணவர், அப்பொழுதினைப் பயன்கொள்ளும் முறையை ஈண்டுக் காண்போம்.

நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களிலும் இணைய அங்காடிகளிலும் விற்பனைக்கு வருகின்றன. புதியது வாங்க இயலாத குடும்பத்திற்கு இவை நல்ல துணையே. எனினும் 'புதுப்பித்தது' என்னும் சொல்லுக்கு எல்லா விற்பனையாளரும் ஒரே பொருள் கொள்வதில்லை. ஒருவர் மின்கலத்தையே மாற்றியிருப்பார். மற்றொருவர் மேற்புறத்தைத் துடைத்து ஒட்டுத்தாள் ஒட்டியதோடு அமைந்திருப்பார்.

சட்டம் கூறுவது

1930ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் பெறுதலையும் ஏற்றலையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. முன்னர்ப் பார்த்திராத பொருளை ஆராய்தற்கு நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை, வாங்கியவர் அதனை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படார் என்பது அதன் 41ஆம் பிரிவு. மறுப்புத் தெரிவிக்காமல் நியாயமான காலங்கடந்தும் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும் என்பது 42ஆம் பிரிவு. பொருளை ஆராய்ந்தவர், அவ்வாராய்ச்சியில் புலப்பட்டிருக்க வேண்டிய குறையைக் காட்டிப் பின்னர் 'வணிகத் தரமில்லை' என வாதிடல் அரிது என்பதை 16ஆம் பிரிவு உணர்த்துகிறது. ஆகவே அரைகுறையாகப் பார்ப்பது நமக்கே தீங்காய் முடியும்.

ஆராயும் முறை

முதலாவது, உடலமைப்பு. கணினியைச் சமதளத்தில் வைத்தால் ஆடாமல் அமர வேண்டும். அடிப்பகுதி புடைத்தோ, தொடுபலகை மேலெழுந்தோ இருப்பின் மின்கலம் வீங்கியிருக்கக் கூடும். அது தீப்பற்றும் இடருடையது. அதனை இயக்கிப் பார்த்தலும் வேண்டா. மூடியைப் பலமுறை திறந்து மூடிக் கீல்களின் உறுதியையும் காண்க.

இரண்டாவது, திரையும் விசைகளும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரை வண்ணங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் செத்த புள்ளிகளும் கறைகளும் வெளிப்படும். ஒவ்வொரு விசையையும் தட்டுக. ஒவ்வொரு துளையிலும் ஏதேனும் ஒன்றைச் செருகிச் சோதிக்க. ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, கேமரா ஆகியவற்றையும் விட்டுவிடலாகாது.

மூன்றாவது, மின்கலம். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என ஆங்கில எழுத்துகளில் தட்டி, இடைவெளி விட்டுச் சாய்கோடு இட்டு, பேட்டரிரிப்போர்ட் என ஒரே சொல்லாகச் சேர்த்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் வடிவமைப்பு அளவு 50,000 எனவும், இப்போதைய முழு மின்னேற்ற அளவு 30,000 எனவும் இருந்தால், 100க்கு 60 பங்கே எஞ்சியுள்ளது எனக் கொள்க.

நான்காவது, அடையாளமும் பூட்டும். அடிப்புறத்து வரிசை எண்ணும், பயாஸ் காட்டும் எண்ணும், விலைச்சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாதல் வேண்டும். பயாஸுக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்டாலும், கணினியைத் தொடக்க நிலைக்கு மீட்டு இணையத்தோடு இணைத்தவுடன் பழைய நிறுவனத்தின் பெயர் தோன்றி அதன் கணக்கைக் கேட்டாலும், அப்பூட்டு நீங்கும் வரை ஏலாதிருத்தலே நன்று.

ஐந்தாவது, இயங்குதளம். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கும். ஐ5 என்பதை அடுத்து 8250 என வந்தால் எட்டாம் தலைமுறை. 6300 என வந்தால் ஆறாம் தலைமுறை. தகுதியற்ற கணினியிலும் குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ நிறுவிவிடலாம் ஆதலின், திரையில் தோன்றும் பெயரை மட்டும் நம்பலாகாது.

இவற்றுக்குப் பின், அரைமணி நேரமேனும் காணொளி ஓடவிட்டு, மிகுவெப்பமும் திடீர் நிறுத்தமும் உண்டா எனக் காண்க. அஞ்சலில் வருவதாயின் உறை பிரிப்பதைப் படம்பிடித்து வைத்தலும், குறை கண்ட அன்றே எழுத்தில் தெரிவித்தலும் இன்றியமையாதன.

வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குரிய பெயர் தெரிந்து தெளிதல். அங்கே பேசப்படுவது ஆட்களைத் தேர்தல் பற்றியது. ஆயினும் ஆராய்தல் முன்னும் நம்புதல் பின்னும் நிற்கும் அவ்வரிசை பொருளுக்கும் பொருந்தும். விற்பவர் முன் ஒரு மணி நேரம் நின்று சோதிப்பதற்கு மாணவர் கூச வேண்டுவதில்லை. நேர்மையான வணிகர் அதனை ஐயமாகக் கொள்ளார். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், அந்த ஒரு மணி நேர உழைப்பை நம்மிடம் கோரும் உரிமையுடையது.